மாமி படித்த யப்பான் பாஷை

மாமி எதையும் இரண்டு தரம் கேட்பார். முதல் தரம் வந்த மறுமொழியை மனதில் முடிந்து வைத்துக்கொள்வார். பிறகு ஆள் அதை மறந்திருக்கும் நேரம் பார்த்து, அதே கேள்வியை வேறு பக்கத்தால் விடுவார். இரண்டும் பொருந்தினால் சரி. பொருந்தாவிட்டால் அன்றைக்கு அந்த ஆளோடு பேச்சில்லை.

அவருக்குத் தயிர் வியாபாரம். எங்கள் ஊர் வாவியின் மேற்குக் கரையில், பழுகாமத்துக்குக் கொஞ்சம் அப்பால் இருக்கிறது. வயல்களுக்குப் பின்னால் எருமைப் பட்டிகள். பட்டிக்காரர்கள் விடியப் பால் கொண்டுவந்து ஊற்றுவார்கள். மாமி அதைக் காய்ச்சி உறைய வைத்து, சட்டி சட்டியாகத் தோணியில் ஏற்றிப் பட்டணத்துக்கு அனுப்புவார். தண்ணீர் கலக்காத பட்டிக்காரன் இனிமேல்தான் பிறக்கவேண்டும் என்பது அவருடைய முடிவு. பாலில் ஒரு துளியைப் பெருவிரல் நகத்தில் விட்டு, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பார். அது போதாதென்று விசாரணை வேறு.

"இண்டைக்கு எத்தின எருமை கறந்த?"

"ஒம்பது மாமி."

வெற்றிலைத் தட்டத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டு மழையைப்பற்றிப் பேசுவார், அவன் பெண்சாதியின் இருமலைப்பற்றிப் பேசுவார். அவன் எழும்பிப் போகும்போது, "கண்டுகளுக்கு மடியில மிச்சம் வெச்சியா? எத்தின கண்டு குடிச்சிது?" என்பார்.

"ஆறு கண்டு மாமி."

"அப்ப மத்த மூணும் கண்டில்லாமலா கறக்குது? இல்லாட்டி வாவித் தண்ணிய கறந்தியா?"

நான் பக்கத்து வளவு. என் வீட்டுக்காரர்தான் ஊர் விதானை, வெள்ளைக்கார அரசாங்கம் ஊருக்கு வைத்த தலைவர். எங்கள் பகுதியில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சீவிக்கவேண்டும். ஆகவே அவரோடு அவருடைய விதானை உத்தியோகமும் வந்து என் வளவுக்குள் குந்திக்கொண்டது. ஊரில் யார் யாரைப்பற்றிக் குசுகுசுத்தாலும் அது என் காதைக் கடந்துதான் போகும். அப்படி இருக்கிற ஒருத்தி யாரையும் லேசில் நம்பமாட்டாள். மாமியும் நானும் ஒத்துப்போனதே அதனால்தான்.

மாமி கைம்பெண். ஒரே மகன், பெண்பிள்ளை இல்லை. மகன் எப்படியும் ஒருத்தியின் வீட்டுக்குப் போகப்போகிறவன்தானே என்று, அவன் சிங்கப்பூருக்குக் கப்பலேறியபோது ஊர் பெரிதாகக் கவலைப்படவில்லை. "மருமகள்ட வீடு கொஞ்சம் தூரமாப் பெய்த்து, அவ்வளவுதான்" என்று சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. காயிதம் வந்துகொண்டிருந்தது. யப்பான்காரன் மலாயாவுக்குள் இறங்கிய மாரியில் காயிதம் நின்றது.

அந்த மாரி முடியுமுன்தான் வேலிக்கு அப்பால் நான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். தயிர்ச் சட்டிகளை அடுக்கும் சத்தம். அதோடு மாமியின் குரல்.

"இச்சி. நி. சன். சி. கோ."

வேலியின் ஓலைக் கிடுகை விலக்கிப் பார்த்தேன். மாமி ஒவ்வொரு சட்டியாகத் தொட்டுத் தொட்டு அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். மந்திரம் ஏதும் பழகுகிறாரோ என்று நினைத்தேன். தனியே இருக்கிற பெண்பிள்ளைகளுக்கு அந்த யோசனை வருவது புதிதில்லை.

"என்ன மாமி இது?"

"யப்பான் பாஷை மகள். ஒண்டு, ரெண்டு, மூண்டு."

 யப்பான்காரனைப் புகழ்ந்து பேசுகிறவர்கள், ரகசியக் கூட்டம் போடுகிறவர்கள் யாரென்று பார்த்துச் சொல்லவேண்டுமென என் வீட்டுக்காரருக்கு மேலிடத்துக் கட்டளை. அந்த விதானையின் வேலிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்த மனுசி அவனுடைய பாஷையில் தயிர்ச்சட்டி எண்ணுகிறார்.

படிப்பித்தவன் யாரென்று கேட்கத் தேவையிருக்கவில்லை. எங்கள் ஊரில் சிங்கப்பூரான் என்று ஒருவன் இருந்தான். சிங்கப்பூரில் ஒரு யப்பான்காரனுடைய, படம் பிடிக்கிற படக்கடையில் குசினிக்காரனாக இருந்ததாகச் சொல்லிக்கொண்டு, யப்பான் சண்டைக்குக் கொஞ்சம் முந்தி ஊருக்குத் திரும்பியவன். ஏன் திரும்பினான் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வான். எனக்குச் சொன்னது வயிற்றுவலி. என் வீட்டுக்காரருக்குச் சொன்னது முதலாளியோடு சண்டை. வேலை செய்து நான் கண்டதில்லை. கள்ளுக் கொட்டிலிலிருந்து நேரே மாமியின் குசினிக்கு வருவான். இறால் சொதியும் சோறும் தின்பான். தின்றுகொண்டே பாஷை சொல்லிக்கொடுப்பான்.

மாமியிடம் நேரேயே சொன்னேன். "மாமி, இவன் சோத்துக்காக வாயில வாறத சொல்லுறான். குரங்கு கத்துறத சொல்லித்தந்தாலும் நமக்குத் தெரியுமா? ஊரில ஆருக்கு யப்பான் பாஷை தெரியும், சரி பிழை பாக்க?"

"எனக்கு அது தெரியா எண்டா நினைக்கிற? பாலுக்கு நகத்தில விட்டுப் பாக்கிறன். இவனுக்கும் வெச்சிரிக்கன்."

வைத்திருக்கத்தான் செய்தார். பாஷை படிக்கிறவர்களைப் பிறகு நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் பிள்ளைகள் இங்கிலீசு படித்தார்கள், வாத்தியார் சொன்னதை அப்படியே விழுங்கினார்கள். மாமி ஒருவர்தான் ஒவ்வொரு சொல்லையும் திருட்டுமாட்டோடு பிடிபட்டவனை விசாரிப்பதுபோல விசாரித்துப் படித்தவர். திங்களில் கேட்ட சொல்லை, அவன் வாய் நிறையச் சோறு இருக்கும்போது வெள்ளியில் கேட்பார். கள்ளு வெறியில் வந்தால் இன்னும் நல்லதென்று உட்கார்த்திவைத்துக் கேட்பார். ஒருமுறை அவன் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுபோனார். கஞ்சிக் கோப்பையைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே, "தம்பி, ஏழுக்கு என்ன சொன்னனீங்க?" என்றாராம். அவன் நடுங்கிக்கொண்டே சொன்னானாம். அதே சொல்தான்.

ஒருநாள் பிடிபட்டான் என்றே நினைத்தேன். மகன் என்பதற்கு 'முசுகோ' என்று சொல்லிக்கொடுத்திருந்தான். மாமி, வீதியால் போன என் கொழுந்தனைக் காட்டி, "இவர் இவர்ட அப்பாவுக்கு என்ன முறை? யப்பானில சொல்லுங்க" என்றார். அவன் 'முசுகோசான்' என்றான்.

"அண்டைக்கு முசுகோ எண்டீங்க. இண்டைக்கு வால் முளைச்சிரிக்கி?"

"அது மாமி, தன்ட பிள்ளைக்கு முசுகோ. பிறத்தியார்ட பிள்ளை எண்டா மரியாதை சேக்கணும்."

நான் வேலியில் நின்று சிரித்தேன். அகப்பட்ட கள்ளன் சொல்லும் கதை இப்படித்தான் இருக்கும். மாமி சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாமளும் அப்படித்தானே சொல்லுற. என்ட மகன் எண்டுவம். உங்கட மகனார் எண்டுவம்" என்றார். சோற்றுக் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினார்.

முதலில் அவன் கடல், மலை, பூ, நிலா என்று சொல்லிக்கொடுக்கப் பார்த்தான். மாமி ஒரே நாளில் நிறுத்திவிட்டார். "பூவும் நிலாவும் எனக்கென்னத்துக்கு தம்பி? எனக்கு ஒரு கேள்வி கேக்கத் தெரியணும். அவங்க சொல்லுற மறுமொழி விளங்கணும். அதோட எண்ணத் தெரியணும். பட்டாளக்காரன் ஆளுக்கெல்லாம் இலக்கம் வெப்பான். என்ட பிள்ளைக்கும் ஒரு இலக்கம் வெச்சிரிப்பான்."

கேள்வி இதுதான்: என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், அவன் உயிரோடு இருக்கிறானா? யப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்துவிட்டான். அடுத்தது இலங்கைதான் என்று எல்லோரும் சொன்னார்கள். மற்றவர்கள் அதைச் சொல்லி நகைகளைப் புதைத்தார்கள். மாமி அதைச் சொல்லிக் கேள்வியைப் பாடமாக்கினார்.

கேட்பதைவிட மறுமொழியை விளங்குவதுதான் கஷ்டம் என்பதை அவர் தானாகவே கண்டுபிடித்தார். அதற்கு ஒரு வழி செய்தார். நான்கு சிரட்டைகளை முன்னால் வைத்தார். ஒன்று ஓம். ஒன்று இல்லை. ஒன்று தெரியாது. நான்காவதற்குச் சொல் சொல்ல சிங்கப்பூரான் மறுத்தான்.

"அது வேணாம் மாமி. அந்தச் சொல்ல ஏன் வாயால எடுப்பான்?"

"சொல்லுங்க தம்பி. அது தெரியாட்டி என்னை எதைச் சொல்லியும் ஏமாத்திப்போடுவாங்க."

"மாமி…"

"செத்தவனுக்கு என்ன சொல்லுற அவங்க?"

'சிந்தா' என்றான் அவன், சோற்றைப் பார்த்துக்கொண்டு. மாமி அதையும் சொல்லிப் பார்த்தார், குரல் மாறவில்லை. பிறகு அவன் நான்கு சொற்களையும் மாற்றி மாற்றி, வேகமாகவும் மெதுவாகவும் சொல்ல, மாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டு உரிய சிரட்டையில் புளியங்கொட்டையைப் போடுவார். நான் வேலிக்கு இப்பால் உரலில் கைவைத்தபடி நின்றுவிடுவேன். நான்காவது சிரட்டையில் விழும் கொட்டைகளை மட்டும் நான் எண்ணுவேன்.

பங்குனி கடைசியில் ஒருநாள் காலை ஆகாயத்தில் இரைச்சல் கேட்டது. கிழக்கே கடலில் இடி இடியாகக் கேட்டது. கப்பல் ஒன்றைக் குண்டுபோட்டுத் தாழ்த்திவிட்டான் என்றார்கள். கொஞ்சநேரத்தில், கரையில் இறங்கிவிட்டான் என்றும் சொன்னார்கள். பட்டணத்துச் சனம் மூட்டை முடிச்சோடு தோணி தோணியாக எங்கள் கரைக்கு வரத்தொடங்கியது. எங்கள் சனம் அதைப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் ஓடியது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் ஓடினேன். தோணித்துறையைத் தாண்டும்போது பார்த்தால், மாமி நிற்கிறார். தலை வாரி முடிந்து, திருவிழாவுக்கு உடுக்கிற வெள்ளைச் சேலை உடுத்து, வாவியைப் பார்த்தபடி.

"மாமி, வாங்க! வந்திட்டாங்களாம்!"

"நீ போ மகள். வாறவங்களிட்ட எனக்கு ஒரு கேள்வி இரிக்கி."

யப்பான்காரன் வரவில்லை. வந்தது பட்டணத்துச் சனம் மட்டும்தான். உச்சிவெயில் வரைக்கும் அங்கேயே நின்றுவிட்டு மாமி வீட்டுக்குப் போய்ப் பாலைக் காய்ச்சினார்.

அந்த வெள்ளைச் சேலை ஊரெல்லாம் கதையாகிவிட்டது. எதிரியை வரவேற்கக் கரையில் நின்றவள் என்று ஆகிவிட்டது. மேலிடத்துக்கு யார் எழுதிப்போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. விதானை வீட்டிலிருந்துதான் போயிருக்கும் என்று சனம் என்னைப் பார்த்தது. போகவில்லை. எனக்கு இரண்டு பேர்மேல் சந்தேகம். இருவரும் செத்துப்போனார்கள், சந்தேகம் மட்டும் சாகவில்லை.

பொலிஸ் சார்ஜன் வந்து எங்கள் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார். மாமியையும் சிங்கப்பூரானையும் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் முகம் வெளிறி நின்றார். மாமியைக் கொண்டுபோய் மறியல் வீட்டில் அடைத்துப் போட்டால் திரும்பி வருவாரா என்று யாருக்குத் தெரியும்? அவருக்காக வாதாட வீட்டில் ஒரு ஆண்பிள்ளை இல்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

"ஆருக்குத் தகவல் கொடுக்க இந்தப் பாஷை படிச்ச?" என்றார் சார்ஜன்.

"தகவல் கொடுக்க இல்ல ஐயா. தகவல் கேக்க."

"என்ன தகவல்?"

மாமி அந்தக் கேள்வியை யப்பான் பாஷையில் சொன்னார். பிறகு தமிழில் சொன்னார். சார்ஜன் அவரை விட்டு சிங்கப்பூரான் பக்கம் திரும்பினார். பிரம்பால் கதிரைக் காலைத் தட்டிக்கொண்டே, "நீதான் யப்பான்காரன்ட ஆளா?" என்றார்.

சிங்கப்பூரான் அப்படியே நிலத்தில் விழுந்தான். "ஐயோ ஐயா, எனக்கு யப்பான் பாஷை ஒரு சொல்லும் தெரியா! படக்கடை எண்டதும் பொய். சீனன் கடையில கோப்பை கழுவினன். சோத்துக்காகத்தான் ஐயா, வாயில வந்ததெல்லாம் சொன்னன்!"

சார்ஜன் ஒருகணம் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அவரோடு வந்த பொலிஸ்காரர்கள் சிரித்தார்கள். வேலி நிறைய நின்ற சனமும் சிரித்தது. "கிழவி இறால் போட்டு வளத்த பாஷை!" என்று யாரோ கத்தினான். எழுதிய காகிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு, கதிரையை உதறி எழும்பிப் போனார் சார்ஜன். மாமி தப்பினார். ஏமாந்த கிழவியை யார் மறியலில் போடுவார்கள்?

யாரும் தன்னை ஏமாற்றாமல் பார்த்துக்கொண்ட மனுசியைப் பார்த்து இப்படிச் சிரித்துவிட்டார்களே என்று எனக்கு இருந்தது. ஆனாலும் நான் சொன்னதுதானே நடந்தது என்றும் இருந்தது. மாமி முற்றத்தில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தலை நிமிரவில்லை. அன்று பின்னேரமே தோணியேறிப் போய்விட்டான். அதன்பிறகு அவனை ஊரில் யாரும் காணவில்லை. மாமிக்கு இரண்டாம் தரம் கேட்க வழியில்லாமல் போயிற்று.

மறுநாள் காலை வேலிக்கு அப்பால் சட்டி அடுக்கும் சத்தம். "இச்சி. நி. சன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமி, இன்னும் என்ன? அவன்தான் பொய்யெண்டு வாயால சொல்லிப்போட்டானே!"

"பொலிசிட்ட ஒருக்காத்தான் சொன்னான். அதுவும் பயத்தில சொன்னான். என்னட்ட அதே சொல்ல எத்தின தரம், வெறியில, காய்ச்சலில, தூக்கத்தில சொல்லியிரிக்கான். நான் எத நம்புற?"

 பிள்ளையைப் பிரிந்தவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும் என்று விட்டுவிட்டேன். அது வெறும் சத்தம் என்பதில் எனக்கு ஐமிச்சமே இருக்கவில்லை.

அவருடைய இந்தக் குணம் சாவுச் செய்திக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சிங்கப்பூரில் இருந்த நம் ஆட்கள் எல்லோரும் முடிந்தார்கள் என்று கதை வந்தது. மாமியின் தம்பியார் ஆடி அமாவாசைக்கு அமிர்தகழிக்குப் போய் மாமாங்கத் தீர்த்தத்தில் மருமகனுக்குச் செய்யவேண்டியதைச் செய்வோம் என்று வந்து நின்றார்.

"ஆரு பாத்த?" என்றார் மாமி.

"எல்லாரும்தான் சொல்லுறாங்க அக்கா."

"எல்லாரும் சொல்லுறாங்க. பாத்தவன் ஆரு? அவனக் கூட்டிக்கொண்டு வா. நான் ரெண்டு தரம் கேக்கணும்."

தம்பியார் கோபித்துக்கொண்டு போனார். மாமி எள்ளும் தண்ணீரும் இறைக்கவில்லை.

சண்டை முடிந்து அடுத்த வருஷம், ஒரு மத்தியானத் தோணியில் மகன் வந்து இறங்கினான். தோணிக்காரன் கையைப் பிடித்துத்தான் இறக்கினான். கண் மஞ்சள், கால் இரண்டும் குச்சி. என்னோடு சிறுவயதில் வாவியில் நீந்தியவன், எனக்கு மச்சான் முறை. நான் அடையாளம் காணவில்லை. மாமி ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. கிட்டப்போய் நின்று, "நம்மட பசு உன்ன எங்க இடிச்ச?" என்றார். அவன் இடது விலாவைத் தொட்டான். வீட்டுக்குக் கூட்டிவந்து, வாய்கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தார். அப்போது, "அந்தப் பசுட நிறம் என்ன மனே?" என்றார். "கறுப்பு அம்மா" என்றான். அதன்பிறகுதான் மாமி அழுதார். ஊரே கேட்கும்படி அழுதார்.

அவன் பேச்சுக் குறைந்தவனாக வந்திருந்தான். உணவுக் கூப்பன் பதியப் போனபோது என் வீட்டுக்காரரிடம் மட்டும் கொஞ்சம் சொல்லியிருக்கிறான். அவர் அதை என்னிடம் சொன்னார். "காட்டுக்குள்ள ரெயில் பாதை போடக் கொண்டுபோயிரிக்கானுகள். ஒவ்வொரு நாளும் விடிய வரிசையில விட்டு எண்ணுவானுகளாம். தன்ட இலக்கம் வந்தா நிமிந்து நிண்டு கத்தணும். பிந்தினா மூங்கிலால அடி. பக்கத்தில நிண்டவன் ரெண்டுபேர் அப்படியே செத்தானுகளாம். தாயிட்ட சொல்லிப்போடாதே." நான் சொல்லவில்லை. வேறொன்றும் எனக்குத் தோன்றவுமில்லை. மாமியின் எண்ணிக்கை பொய் எண்ணிக்கை என்றல்லவா இருந்தேன்.

அவன் வந்த கிழமை மாமி சட்டி அடுக்கவில்லை. அந்தக் கிழமையே ஒரு காலை, கறி கொண்டு அவர்கள் குசினிக்குப் போனேன். மகன் பாயில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தான். மாமி மூங்கில் குழலிலிருந்து பிட்டைத் தள்ளி, துண்டு துண்டாக அவன் கோப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. மகனுக்குக் காட்டவேண்டும் என்று இத்தனை வருஷம் வைத்திருந்ததல்லவா?

"இச்சி" என்றார், ஒரு துண்டு வைத்து. "நி." மகனைப் பார்த்தார். "சன்."

"சி!"

கத்திக்கொண்டே மகன் எழும்பி நின்றான். கோப்பை உருண்டு பிட்டுக் கொட்டுண்டது. இரண்டு கைகளும் தொடையோடு ஒட்டியிருந்தன. கண் நிலத்தில். உடம்பெல்லாம் நடுங்கியது, ஆனால் கால் அசையவில்லை. அடுத்த இலக்கம் வருமட்டும் அவனால் அசைய முடியாது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பக்கத்தில் இருக்கிறவன் சொல்லவேண்டும். பக்கத்தில் யாருமில்லை.

மாமிக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அவர் பார்த்துக்கொண்டே நின்றதில் எல்லாவற்றையும் படித்துவிட்டார் என்று நினைக்கிறேன். குழலைக் கீழே வைத்தார். போய் மகனுடைய தோளோடு தோளாக நின்றார். கைகள் இரண்டையும் அவனைப்போலவே தொடையில் ஒட்டினார். நிலத்தைப் பார்த்தார்.

"கோ" என்றார்.

மகனுடைய மூச்சு வெளியே வந்தது. தலையைத் திருப்பித் தாயைப் பார்த்தான். குசினியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கொட்டிய பிட்டைப் பார்த்தான்.

"இரி மனே" என்றார் மாமி. "வேற வெச்சித் தாறன்."

பிறகு கிணற்றடியில் கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்ற மாமியிடம் போனேன். அங்கே என்ன நடந்ததென்று மகனிடம் கேட்டீர்களா என்றேன். இல்லை என்று தலையாட்டினார்.

"ஒருக்காக்கூடவா மாமி?"

"என்னத்தக் கேக்க மகள்? நான் படிச்சது சரியான பாஷைதான்."

அடுத்த நாளிலிருந்து அவர் தயிர்ச்சட்டிகளைத் தமிழில் எண்ணினார். அதையும் வாய்க்குள்ளேயே எண்ணினார்.